மூவாயிரத்து எழுநூறு பெரட்டுப் படங்கள்

சுகந்தினியை அவசரக்குடுக்கை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. வேலை முடிந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்பாள். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு வருஷம் றப்பர் மரத்தில் பால் வெட்டினாள். அங்கேயும் இதே கதைதான். மற்றவர்கள் இருநூறு மரம் வெட்டுகிற நேரத்தில் இவள் முந்நூறை முடித்துவிடுவாள். பட்டையை ஆழமாகக் கீறிவிட்டதற்குக் கங்காணியிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு நிற்பாள். பிறகு பெல்மதுளையில் கம்ப்யூட்டர் படித்தாள், ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை பார்த்தாள், இருபத்தாறு வயதில் இரத்தினபுரிக்கு வந்து சட்டத்தரணி ஸாஹிராவின் அலுவலகத்தில் சேர்ந்தாள். இப்போது இருபத்தொன்பது. தமிழ் வாசிப்பாள், சிங்களம் அதைவிட வேகமாக வாசிப்பாள், ஆங்கிலத்தை எப்படியாவது மடக்கிவிடுவாள்.

அந்த அலுவலகத்துக்கு வந்த வழக்குகளிலேயே பெரியது பிரிம்லி தோட்டத்து வழக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம் எட்டாம் திகதி, பகல் ஒன்றரை மணிக்கு, அந்தத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலை சரிந்து அடிவாரத்து லயத்து வரிசை வீடுகளை மூடிவிட்டது. இருபத்து மூன்று வீடு. ஏதோ புண்ணியம், ஓர் உயிர்கூடப் போகவில்லை. பெரியவர்கள் வேலைக்காட்டில் இருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பராவில் ஆயாவோடு. ஆனால் வீட்டுச் சாமான் என்று ஒரு கரண்டி மிஞ்சவில்லை. அன்றிலிருந்து இருபத்து மூன்று குடும்பமும் பழைய றப்பர் ஸ்டோருக்குள் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குடியிருக்கிறது. வேறிடத்தில் காணியும் வீடும் தரச் சொல்லி வழக்குப் போட்டார்கள்.

அதற்குத் தோட்டக் கம்பனி சொன்ன பதிலைக் கேட்டால் வயிறு எரியும். மலை வெடித்திருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது, ஒருவரும் சொல்லவில்லை என்றார்கள். அதோடு விட்டார்களா? மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டியவர் கங்காணி இருளப்பன், அவர்தான் சொல்லாமல் விட்டார் என்று பழியையும் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள்.

இருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒடிசலான மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாது. தான் சொல்லாமல் விடவில்லை என்றார். வெடிப்பைக் கண்ட அன்றே போனில் குரல் பதிந்து மனேஜர் பெரிய துரைக்கு அனுப்பினேன், அதில் எழுத்தடிக்கத் தெரியாததால் பேசித்தான் அனுப்பினேன் என்றார். என்ன திகதி என்று கேட்டால் தெரியாது. மழைக்கு முந்திய காலம் என்பார். போன் எங்கே என்று கேட்டால் வீட்டோடு மண்ணுக்குள் என்பார். அவருடைய வீடும் அந்த லயத்தில்தான் இருந்தது. தோட்டத்துச் சனத்தில் பாதிப் பேர் அவரை நம்பவில்லை. வழக்கில் முதலாவது பெயர் ஜெயம்மாவுடையது. பால்வெட்டுக்காரி, பேச்சில் யாருக்கும் சளைக்காதவள். அவள் இரண்டு வருஷமாக இருளப்பன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர் சொன்னார் என்பதை நிரூபிக்க முடியாவிட்டால் கம்பனி கையைத் தட்டிவிட்டுப் போய்விடும், வீடும் கிடையாது, சாகும்வரை இருளப்பன்தான் குற்றவாளி. விஷயம் அவ்வளவுதான்.

நிர்வாகத்தின் கடிதம், ஈமெயில், போனில் போன வந்த செய்தி எல்லாவற்றையும் எங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள் என்று ஸாஹிரா மிஸ் கோர்ட்டில் கேட்டார். கோர்ட்டும் காட்டச் சொன்னது. கம்பனி என்ன செய்தது தெரியுமா? வண்டியில் குப்பை கொட்டுவது போலக் கொட்டிவிட்டது. ஐந்து வருஷத்து ஈமெயில், ஸ்கேன் பண்ணிய செக்ரோல் வரவுப் புத்தகம், லொறி பில், துரையின் போனில் இருந்த படங்கள், யாரோ வெட்டிய பிறந்தநாள் கேக் எல்லாம் சேர்த்து நாலரை இலட்சம் கோப்பு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். அதில் நாற்பத்தோராயிரம் குரல்பதிவு. அனுப்பியது யார், எந்தக் குழுவில் என்ற விவரமெல்லாம் கழன்றுபோய்த் திகதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தேடித் தேடியே இவர்கள் கிழவராகட்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஸாஹிரா மிஸ்ஸிடம் இருந்ததோ இரண்டு பழைய கம்ப்யூட்டர். அதில் ஒன்று மழை பெய்தால் வேலை செய்யாது. கொழும்பில் தன்னோடு சட்டம் படித்த சிநேகிதியிடம் விசாரித்து, மிஸ் கிளவுட்டில் இடம் வாடகைக்கு எடுத்தார். எங்கோ தூரத்தில் இருக்கிற பெரிய மிஷின்கள் அத்தனை கோப்பையும் வாசித்து, ஒன்றுபோல் இருப்பதை ஒன்றாகச் சேர்த்து, திகதிப்படி அடுக்கி வைக்கும். இரத்தினபுரியில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்க்கலாம், கேகாலையில் இருந்துகொண்டு இன்னொருவரும் அதே நேரம் பார்க்கலாம். வழக்கு முடிந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்றி முடிக்க ஐந்து நாள் பிடித்தது, நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. இதைக் கேட்ட இருளப்பன், அந்த மிஷின் எந்த ஊரில் இருக்கிறது, பெரிய துரை போய் அதன் வயரைப் பிடுங்கிவிட முடியுமா என்று மெல்லக் கேட்டார். முடியாது என்று மிஸ் சத்தியம் பண்ணாத குறைதான்.

முதல் நாள் சுகந்தினிக்குத் தலைகால் புரியவில்லை. ‘மலை’ என்று ஒரு சொல்லைப் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் மூன்று மொழியிலும் ஆயிரத்து நூறு கடிதம் வந்து நின்றது. போட்டோகொப்பிக் கடையில் ஒரு ஃபைலைத் தேட அரை நாள் மண்டியிட்டுக் கிடந்தவள் அல்லவா, புல்லரித்துப் போனாள். வெடிப்பு, சரிவு, மண், ஆபத்து என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடினாள். கிடைத்ததெல்லாம் மலை விழுந்த பிறகு எழுதியவை. அதற்கு முன்னால் ஒரு வரி கிடையாது.

குரல்பதிவுகளையும் மிஷினிடம் கொடுத்து எழுத்தாக்கப் பார்த்தாள். தோட்டத்துப் பேச்சு மிஷினுக்கு எங்கே விளங்கும்? தமிழில் தொடங்கி, சிங்களத்தில் நடந்து, இங்கிலீஷில் போய் நிற்கிற பேச்சு. ‘பால் லொறி வந்தாச்சா’ என்று யாரோ கேட்டதைக் கல்யாண வாழ்த்தாக எழுதிக் கொடுத்தது. நாற்பத்தோராயிரத்தையும் காதால் கேட்பதென்றால் பேரப்பிள்ளை காலம்வரை கேட்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சாட்சியத்தைக் கொண்டுவரப் போகிறோம் என்று எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஆகியும் கையில் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கையெழுத்துக்காக ஜெயம்மா கஹவத்தை பஸ்ஸில் வந்து இறங்கினாள். மிஸ் கோர்ட்டிலிருந்து வரும்வரை சுகந்தினியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தேநீர் கொடுத்ததும் வாய் திறந்தது, திறந்தால் இருளப்பன் புராணம்தான். சுகந்தினி ஒரு காதை அங்கே கொடுத்துவிட்டுக் கையால் தட்டச்சுப் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“அந்தாளுக்கு ஈவிரக்கமே கெடயாது புள்ள. மலை விழுறதுக்கு முந்தின மாசம் பூரா ஏழாம் நம்பர விட்டுட்டு எங்கள பன்னெண்டாம் நம்பருக்கு நடக்க வெச்சாரு. போக ஒண்ணேகால் மணித்தியாலம், வர ஒண்ணேகால். மழ நாள்ல பால்வெட்டு இல்ல, லயத்துல கெடக்கலாம்னா அதுக்கும் விடல. அங்கயே போயி புல்லு வெட்டுங்கன்னுட்டாரு.”

சுகந்தினியின் கை நின்றுவிட்டது. ஏழாம் நம்பரில் மரம் கிழமா என்று கேட்டாள். கிழமா, நல்ல பால் மரம், புதுப் பட்டை திறந்து ஆறு மாசம்கூட இல்லை என்றாள் ஜெயம்மா.

ஒரு வருஷம் பால் வெட்டியவளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. பால் இறங்குகிற மரத்தை எந்தத் தோட்டத்திலும் காரணமில்லாமல் சும்மா விடமாட்டார்கள். ஒரு மாசம் விட்டிருக்கிறார்கள்! கங்காணி தன் எண்ணத்துக்கு விட முடியாது. ஒரு நம்பரில் ஆள் குறைந்தால் ஏழு மணிக்குள் துரையிடமிருந்து ஏன் என்று கேள்வி வரும். அப்படியானால் அந்த முதல் நாள் காலையில் துரை கேட்டிருக்க வேண்டும், இருளப்பன் பதில் சொல்லியிருக்க வேண்டும். நாள் தெரிந்தால் போதும். நாளைக் கண்டுபிடிக்கப் பெரட்டுப் பலகை போதும்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு: காலை ஆறு மணிக்கு வேலையாட்கள் எல்லோரும் கூடுகிற இடம் பெரட்டுக் களம். எந்த நம்பர் மலைக்கு எத்தனை பேர், என்ன வேலை என்று கங்காணி அங்கே ஒரு கரும்பலகையில் சோக்கால் எழுதுவார். பிரிம்லியில் அந்தப் பலகையைத் தினமும் போனில் படம் பிடித்து ஆறேகாலுக்குள் துரைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஒரு பிரிவு தவறாமல், ஒரு நாள் தவறாமல் அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் படங்கள் எங்கே? சுகந்தினியின் கைக்கே வந்திருந்தன. முதல் வாரமே மிஷின் அவற்றையெல்லாம் ஒரே மாதிரிப் படங்கள் என்று ஒரு மூட்டையாகக் கட்டி அவளுக்கு முன்னால் வைத்தது. மூவாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு பலகை. பிறந்ததிலிருந்து பார்த்த பலகைதானே, இதில் என்ன இருக்கப் போகிறது என்று, திறந்துகூடப் பார்க்காமல், ‘சம்பந்தமில்லை’ என்று ஒரே தட்டில் ஒதுக்கினாள். அன்று அந்த வேகத்தைப் பற்றி மிஸ்ஸிடம் பெருமையடித்துக்கொண்டதும் நினைவு வந்தது. கொழும்புக்காரி ஒருத்தி இருந்திருந்தால் இது என்ன பலகை என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பாள். தோட்டத்தில் பிறந்தவள்தான் கேட்காமல் விட்டாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான்.

மிஸ் வந்ததும் மறைக்காமல் சொன்னாள். மறைக்கவும் முடியாது, யார், எப்போது, எத்தனை கோப்பை ஒதுக்கினார்கள் என்று கிளவுட் வரி பிசகாமல் எழுதி வைத்திருந்தது. ஸாஹிரா மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்றைக்கு நன்றாகவே துடைத்தார்.

“கடதாசியா இருந்தா நீங்க இதைக் கட்டி அடுப்புக்குக் குடுத்திருப்பீங்க மகள். கிளவுட்டுல போட்டது ஒண்டும் அழியல்ல, அப்பிடியே இரிக்கி. போய் எடுங்க.”

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலகக் கதவைத் திறந்தாள். மூட்டையை அவிழ்த்தாள். பலகைத் தலைப்பைப் பார்த்து இருளப்பனின் பிரிவை மட்டும் பிரித்தெடுத்து, மலை விழுந்த ஜூன் எட்டிலிருந்து பின்னோக்கிப் போனாள். ஜூன் எட்டு: பலகையில் மழைத்துளி. ஏழாம் நம்பர், பூச்சியம். பன்னிரண்டாம் நம்பர், முப்பத்தொரு பேர், புல்லு. ஜூன் ஏழு: பூச்சியம். ஆறு: பூச்சியம். மே மாதத்துக்குள் நுழைந்தாள். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது, எல்லாம் பூச்சியம். வெயில் நாளிலும் பூச்சியம், மழை நாளிலும் பூச்சியம். தேநீர் ஆறி ஆடை கட்டியதை அவள் பார்க்கவில்லை. மே ஒன்பதாம் திகதிப் பலகையில் ஏழாம் நம்பருக்கு நேரே முதலில் பதினெட்டு என்று எழுதி, கையால் அழித்து, அதன் மேல் பூச்சியம் போட்டிருந்தது. மே எட்டைத் திறந்தாள். பதினெட்டு பேர், பால்வெட்டு.

மே ஒன்பது! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். குரல்பதிவுகளில் அந்தத் திகதியைக் கேட்டாள். நாற்பத்தோராயிரம் அறுபத்து நாலாகச் சுருங்கியது. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ஒளிந்திருந்த நேரத்தையும் கிளவுட் தோண்டி வைத்திருந்ததால், காலை ஆறு முதல் ஏழுவரை என்று கேட்டாள். பதினொன்று.

முதலாவதில் ஒருவர் பால் லொறிக்கு டீசல் இல்லை என்கிறார். இரண்டாவதில் சேவல் கூவுகிறது, மனிதப் பேச்சே இல்லை. மூன்றாவதில் ஓர் உத்தியோகத்தர் காய்ச்சல் என்று லீவு கேட்கிறார், காய்ச்சல்காரன் குரல் மாதிரி இல்லை. இப்படி ஏழு போனது. எட்டாவதைத் தட்டினாள். மெலிந்த குரல் ஒன்று, மூச்சிரைக்க, மலை ஏறி இறங்கிய குரல், ‘தொரை’ என்று தொடங்கியது. ஒன்பதாவது பதில். அவ்வளவுதான், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு மிஸ்ஸுக்கு அழைப்பெடுத்தாள். கோர்ட் இடைவேளையில் இருந்த மிஸ் இரண்டு தடவை ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார். இருளப்பனையும் ஜெயம்மாவையும் நாளைக் காலை ஒன்பது மணிக்கு அழைத்து வரச் சொன்னார். குரல்கள் இருளப்பனுடையதும் துரையுடையதும்தான் என்று தோட்டத்து ஆள் ஒருவர் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும், அதை இருளப்பன் மட்டும் சொன்னால் போதாது.

வியாழக்கிழமை இருளப்பன் ஒரு மூலையில் உட்கார்ந்தார், ஜெயம்மா எதிர் மூலையில். நடுவில் சுகந்தினியின் கம்ப்யூட்டர். மிஸ் தலையசைத்ததும் அவள் எட்டாவதை ஓடவிட்டாள்.

“தொரை, ஏழாம் நம்பர் மேல் பாதைக்கிட்ட நெலம் வெடிச்சிருக்குங்க. கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் உள்ள போவுது. நேர கீழ நம்ம லயம் இருக்குங்க. இன்னைக்கு ஏழுக்கு ஆள் போடலிங்க.”

ஒன்பதாவது ஓடியது. சிங்களச் சாயல் தமிழ், பெரிய துரை. பிரிம்லியில் அந்தக் குரல் தெரியாத ஆள் கிடையாது.

“சரி, சரி. ஏழுக்கு ஆள் வேணாம். லயத்துல ஒருத்தருக்கும் சொல்ல வேணாம், சும்மா கலவரம் வரும். எழுதி ஒண்ணும் அனுப்பவும் வேணாம். பொறகு பாப்போம்.”

ஸாஹிரா மிஸ் மேசையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். இனிமேல் தெரியாது என்று அவர்கள் வாய் திறக்க ஏலாது என்றார். சுகந்தினிக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. இருளப்பனைப் பார்த்தாள். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இத்தனை நாள் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, துரை சொன்ன பதிலை ஏன் ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஜெயம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவள் முகம் கறுத்தது.

மிச்சம் இரண்டில் என்ன இருக்கிறது என்று மிஸ் கேட்டார். சுகந்தினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒன்பதாவதோடு துள்ளி எழுந்தவள் பத்தையும் பதினொன்றையும் கேட்கவே இல்லை. மிஸ்ஸின் கை கண்ணாடிக்குப் போவதற்குள் பத்தாவதைத் தட்டினாள். மறுபடி இருளப்பனின் குரல். இந்தத் தடவை மூச்சிரைப்பு இல்லை, நிறுத்தி நிறுத்திப் பேசியது.

“சொல்லக் கூடாதுன்னா சொல்லலிங்க. ஆனா அந்த நேரத்துல, வேல முடிஞ்சு வந்து சோறு திங்கிற நேரத்துல, ஒருத்தரையும் லயத்துல இருக்க விடமாட்டேனுங்க. பன்னெண்டாம் நம்பர்ல போட்டுக்கிறேன். மூணு மணிக்கு முன்ன வந்து சேர முடியாது. ராவைக்கு நான் முழிச்சிக்கிறேன். நீங்க சீக்கிரமா ஆள வெச்சுப் பாருங்க.”

பதிவு நின்றது. ஏழாம் நம்பரில் வேலை முடிந்தால் பன்னிரண்டரைக்குச் சனம் வீட்டில் இருக்கும். மலை விழுந்தது ஒன்றரைக்கு. பதினொன்றாவதில் என்ன இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் டீசல் வந்துவிட்டது என்று இருந்தது, பிறகு பார்த்தார்கள்.

இருளப்பன்தான் முதலில் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு. சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன், அது என் தப்புதான் என்றார். எதிர் மூலையில் ஜெயம்மாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது, அதை அவள் துடைக்கவும் இல்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த ஒரு மாசமும் ஒங்கள ஏசிக்கிட்டே தாண்ணே நடந்தேன். ஒங்க புள்ளகுட்டியக்கூட விடல.”

“தெரியும்,” என்றார் இருளப்பன். “பின்னால தான வந்தேன். ஏசுற சத்தம் கேட்டாத்தான் எல்லாரும் வாறீங்கன்னு எனக்கு நிம்மதி.”